ஊசியும் மற்களமும்: புறநானூற்று 82ஆம் பாட்டின் உவமை



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ‘விளையாட்டைப் பாடும் கவிதையில் உவமை’ என்று தலைப்பு வைத்ததும், நம் தோழர்கள் சிலரே வருத்தப்பட்டார்கள். சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், உள்ஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்கும்போது உவமையைப் பற்றியா பேசுவது என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இந்த உரை முழுவதும் அதற்குப் பதில்தான்.

முதலில் ஒரு வகுப்பறை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தமிழ் இலக்கியம் படித்த நம் பிள்ளைகளில் சிலருக்காவது இது நேர்ந்திருக்கும். புறநானூறு நடக்கிறது. ‘இழிசினன்’ என்ற சொல் வருகிறது. ஆசிரியர் அதற்கு ஒரு சாதிப் பெயரைப் பொருளாகச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். வகுப்பில் நான்கைந்து தலைகள் திரும்புகின்றன. பார்க்கப்பட்ட பிள்ளை புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொள்கிறது. தேர்வில் அந்தப் பாட்டுக்கு விடை எழுதாமல் விட்டுவிடுகிறது. நாம் பேசப் போவது அந்தப் பிள்ளையிடம்தான். நீ விட்டுவிட்டு வந்த அந்தப் பாட்டுக்குள் உனக்குச் சேர வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள் என்று சொல்லப் போகிறோம்.

ஒரு மற்போர், ஆறு பாட்டுகள்

புறநானூற்றில் 80 முதல் 85 வரை உள்ள ஆறு பாட்டுகளும் ஒரே ஆளைப் பற்றியவை. போர்வைக்கோப்பெருநற்கிள்ளி என்பது அவன் பெயர். உறையூர்த் தித்தனின் மகன். தந்தையோடு பகை கொண்டு பிரிந்து வாழ்ந்தவன். முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு அவன் செய்த மற்போர்தான் இந்தப் பாட்டுகளின் களம். முதல் மூன்றைச் சாத்தந்தையாரும், அடுத்த மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார்கள். விளையாட்டை, அதைப் பார்ப்பவரின் பதற்றத்தோடு சேர்த்துப் பாடிய மிகப் பழைய தமிழ்க் கவிதைகளில் இவை அடங்கும்.

நக்கண்ணையார் ஊரின் நடுவே நின்று பார்க்கும் பெண். 83ஆம் பாட்டில் தாய்க்கும் அஞ்சுகிறாள், ஊர் அவைக்கும் நாணுகிறாள். 84ஆம் பாட்டில் தன்னவன் கூழ் குடிப்பவன்தான், ஆனாலும் பெருந்தோளன் என்கிறாள். அவனை எதிர்ப்பவர்களுக்கு அவன் எப்படி என்றால், உப்பு வணிகர் கண்டு அஞ்சும் துறையைப் போன்றவன். உப்பு மூட்டையோடு போகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தத் துறையின் அச்சம். 85ஆம் பாட்டில் ஊர் இரண்டுபட்டுப் பேசுகிறது. வெற்றி அவனுக்கே என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். அவள் ஒரு பனைமரத்தைச் சார்ந்து நின்று தானே பார்த்துவிடுகிறாள். கபடிப் போட்டி நடக்கும் இடத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த நம் அக்கா, தங்கைகளுக்கு அந்த நிலை புரியும்.

சாத்தந்தையாரின் 80ஆம் பாட்டில் கிள்ளி மல்லனை மார்பில் ஒரு காலும் முதுகில் ஒரு காலுமாக மடக்கிப் பிடித்திருக்கிறான். அதற்கு உவமை, பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானை. இரண்டு முனையும் முறிய வளைக்கும் யானையின் பிடி அது. வீரனுக்கு யானை என்பது எதிர்பார்க்கக்கூடிய உவமைதான். இன்றைக்கும் மைக்செட்டில் வருணனை சொல்பவர் ‘சிங்கம் களத்துல எறங்குது’ என்கிறாரே, அதே வரிசை.

ஆனால் 82ஆம் பாட்டில் அதே புலவர் யானையை விட்டுவிடுகிறார்.

82ஆம் பாட்டு சொல்வது

பாட்டின் பொருளை நம் பேச்சில் சொல்வோம். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி கண்டிருக்கிறது. மழை பெய்கிறது, பொழுதும் சாய்ந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஒருவன் உட்கார்ந்து தோல் வாரால் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். வாரைச் செலுத்தும் அவன் கை ஊசி எவ்வளவு விரைவாகப் போய் வருமோ, அப்படி விரைந்து நடந்தது ஊரைக் கைக்கொள்ள வந்த மல்லனோடு கிள்ளி செய்த போர். பாட்டு அவ்வளவுதான், சிறியது. அந்தக் கட்டில் பின்னுகிறவனைத்தான் பாட்டு ‘இழிசினன்’ என்கிறது.

உவமையின் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்போம். உவமிக்கப்படும் பொருள் மற்போர். உவமை ஊசியின் ஓட்டம். இரண்டுக்கும் பொதுவான தன்மை விரைவு. கிள்ளியைத் தொழிலாளிக்கு ஒப்பிடவில்லை, போரை ஊசிக்கு ஒப்பிட்டிருக்கிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்வோம். தொல்காப்பிய உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. இது வினை உவமை. செயலுக்குச் செயல்.

இனி அந்த விரைவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஊசி விரைவாகப் போகும் என்று மட்டும் புலவர் சொல்லியிருக்கலாம். அது போதவில்லை அவருக்கு. விழா, பேறு, மழையோடு சாயும் பொழுது என்று ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கடியை ஏற்றுகிறார். ஒவ்வொன்றும் அந்த மனிதனை எழுந்து போகச் சொல்கிறது. எழ முடியாததால் கை விரைகிறது. ஆகவே உவமையின் ஆற்றல் முழுவதும் ஊசியில் இல்லை, ஊசி பிடித்தவன் வாழ்க்கையில் இருக்கிறது. அந்த வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்காத ஒருவர் இந்த உவமையைச் செய்திருக்க முடியாது.

உயர்ந்தது எது?

இங்கேதான் இலக்கணம் நமக்குத் துணைக்கு வருகிறது. உவமையாகக் கொள்ளப்படுவது உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் விதி. முகத்துக்கு நிலவு உவமையாகிறது என்றால், அந்தத் தன்மையில் நிலவு முகத்தைவிட மேலானது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். இந்த விதியை 82ஆம் பாட்டின்மீது வைத்துப் பாருங்கள். மன்னர் குடியில் பிறந்தவன் ஒருவனின் போர்விரைவை அளப்பதற்கு, அதைவிட உயர்ந்த அளவுகோலாகப் புலவர் எடுத்தது ஒரு தொழிலாளியின் கைத்திறன். ஒரே பாட்டில், பெயர் அவனை இழிந்தவன் என்கிறது. உவமை அவன் கையை உயர்ந்தது என்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். இரண்டையும் நேராகவே எதிர்கொள்வோம்.

முதல் மறுப்பு: தொல்காப்பியம் உவமை பிறக்கும் நிலைக்களன்களாகச் சிறப்பு, நலன், காதல், வலி ஆகிய நான்கைச் சொன்னபின், ஐந்தாவதாகக் கிழக்கிடு பொருளையும், அதாவது தாழ்த்திச் சொல்வதையும் சேர்க்கிறதே, இந்த உவமை அந்த வகையாக இருக்கலாமே என்பது. இருக்க முடியாது. தாழ்த்தும் உவமை, உவமிக்கப்படும் பொருளைத் தாழ்த்துவதற்காக வருவது. 82ஆம் பாட்டு கிள்ளியின் போரைப் புகழும் பாட்டு. புகழும் இடத்தில் வரும் உவமை தாழ்ந்ததாக இருந்தால் புகழ் கெட்டுப்போகும்.

இரண்டாம் மறுப்பு இலக்கணம் நன்கு தெரிந்தவர்களிடமிருந்து வரும். பாட்டில் ‘ஊசியின்’ என்று இருக்கிறது. ‘இன்’ என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு. ஒப்பும் சொல்லும், உறழ்ச்சியும் சொல்லும். ‘ஊசியைப் போல விரைந்தது’ என்றும் கொள்ளலாம், ‘ஊசியைவிட விரைந்தது’ என்றும் கொள்ளலாம். இரண்டாவதுதான் பொருள் என்றால் மன்னன்தானே வென்றான் என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் பழைய சாதனையை முறியடித்தான் என்று சொல்லும்போது, அதுவரை உலகத்திலேயே விரைவானது எது என்பதும் அதே வாக்கியத்தில் சொல்லப்பட்டுவிடுகிறது. எந்த வழியில் படித்தாலும், விரைவுக்கு அளவுகோல் அந்த ஊசிதான்.

உவமை தந்ததும் தராததும்

ஆகவே மகிழ்ந்துவிடலாமா? ‘சங்க காலத்தில் நமக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்’ என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகலாமா? கூடாது. பாட்டு தராமல் விட்டதையும் நாம் கணக்கெடுக்க வேண்டும்.

கிள்ளிக்குப் பெயர் இருக்கிறது. மல்லனுக்கு ஊர் இருக்கிறது. பாடியவருக்குப் பெயர் இருக்கிறது. கட்டில் பின்னியவனுக்குப் பெயர் இல்லை. வலியில் கிடந்த அவன் மனைவிக்கும் இல்லை. கிள்ளி விரைவது வெற்றிக்காக. அவன் விரைவது வேலை முடியாமல் வீட்டுக்குப் போக முடியாது என்பதற்காக. மற்போர் முடிந்தால் வென்றவனைப் பாடுவார்கள். கட்டில் முடிந்தால் வேறொருவன் அதில் படுப்பான். பேறுகால வேளையில்கூட எழ விடாத அந்த வேலை யாருடையது என்று பாட்டு கேட்கவில்லை. அவனுடைய நெருக்கடி பாட்டுக்கு ஓர் அணியாகப் பயன்பட்டது. அவன் வீட்டில் குழந்தை பிறந்ததா, தாய் பிழைத்தாளா என்பது பாட்டின் அக்கறை இல்லை.

அந்தப் பெயர்ச்சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். இதே சாத்தந்தையார் பாடிய 287ஆம் பாட்டில், துடி அடிப்பவனையும் பறைக்கோல் பிடித்தவனையும் போர்க்களத்தில் விளிக்கும் இடத்தில் ‘இழிசின’ என்ற விளி வருகிறது. 289ஆம் பாட்டில் தண்ணுமை முழக்குபவன் இழிசினன். 170, 363 ஆகிய பாட்டுகளில் ‘பிறப்பு’ என்ற சொல்லும் இழிவோடு சேர்ந்து வருகிறது. இவை பிறப்புவழிச் சாதி இழிவைத்தான் குறித்தனவா, தொழிலையொட்டிய தாழ்வை மட்டும் குறித்தனவா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஜார்ஜ் ஹார்ட் போன்றவர்கள் பிராமணியச் செல்வாக்கு ஓங்குவதற்கு முன்பே இங்கே தாழ்ந்தவராகக் கருதப்பட்ட குழுக்கள் இருந்தன என்று வாதிட்டார்கள். இன்றைய தீண்டாமையை அப்படியே சங்க காலத்தில் பொருத்திப் பார்க்க முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். நாம் இந்த வாதத்தை இங்கே தீர்த்துவைக்க வேண்டியதில்லை. பறை இல்லாமல் போர் தொடங்காது, தோல் வேலை இல்லாமல் கட்டில் இல்லை. அந்த இரண்டையும் செய்த கைகளுக்குத்தான் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. இதுவரை பாட்டுகளே சொல்கின்றன.

1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பழைய நூல்களை இப்படித்தான் கையில் எடுத்தார். அவர் கண்ட சொற்பொருள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு இழிபொருள் தானாக வராது, யாரோ ஏற்றியதுதான், ஏற்றியதை இறக்கவும் முடியும் என்ற துணிவை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். 82ஆம் பாட்டைக் கிழித்தெறியவும் வேண்டாம், தலையில் வைத்துக் கூத்தாடவும் வேண்டாம். பெயர் ஒன்று சொல்கிறது, உவமை வேறொன்று சொல்கிறது என்று வகுப்பறையில் எழுந்து நின்று சொன்னால் போதும். குனிந்த தலை நிமிர்வதற்கு அது ஒரு தொடக்கம்.

ஊசி தைத்த பந்து

அந்த ஊசி பாட்டோடு நின்றுவிடவில்லை. நம் சமவெளியில் மோட்டார் பம்பு வருமுன் கவலை இறைத்த காலத்தில், சாலுக்குத் தோல் தைத்தவர்கள் அருந்ததிய மக்கள். அந்த ஊசி ஓடவில்லை என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை. தோட்டக்காரர் வீட்டுத் திண்ணையில் மட்டும் அந்தக் கைக்கு இடமில்லை.

விளையாட்டிலும் ஊசி இருக்கிறது. கிரிக்கெட் பந்து தோலால் தைக்கப்படுவது. மீரட்டில் அந்தப் பந்துகளைத் தைக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பந்து தைத்த சமூகத்திலிருந்து பந்து வீசவும் ஒருவர் வந்தார், பல்வங்கர் பாலூ. தோல் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அதற்கு முன் பூனாவில் இந்து அணிக்காக ஆடியபோது, களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் கொடுத்தார்கள். திறமை எவ்வளவு இருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவே இல்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. 82ஆம் பாட்டின் அமைப்பே இது. கைத்திறன் உயர்ந்தது, கைக்குரியவன் தாழ்ந்தவன்.

சேறும் தாமரையும்

இனி நம் ஊர். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறிக் காலில் ஊனமுற்றவர். காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் 1.86 மீட்டரில் வெள்ளி, 2024 பாரிசில் 1.85 மீட்டரில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020–21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார்.

இப்படிப்பட்டவர்களுக்கு நம் ஊர்களில் வைக்கும் பிளக்ஸ் பேனரிலும் பாராட்டுக் கவிதையிலும் தவறாமல் வரும் உருவகம் ‘சேற்றில் மலர்ந்த செந்தாமரை’. இல்லையென்றால் ‘குப்பையில் கிடந்த மாணிக்கம்’. பாராட்டுகிறவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் உருவகத்தைப் பிரித்துப் பாருங்கள். வீரன் தாமரை என்றால் சேறு யார்? அவனைப் பெற்ற தாய், அவன் தெரு, ஓடிப் பழகிய ஏரிக்கரை, கூட ஆடிய பையன்கள். ஒருவனைத் தூக்குவதற்கு ஊரையே சேறாக்குகிறது அந்த உருவகம். ‘ஊனத்தை வென்றவர்’ என்பதும் அப்படித்தான். அவர் வென்றது போட்டியை. ஊனமுற்ற மற்றவர்கள் யாரிடமும் தோற்றுப்போனவர்கள் இல்லை.

சாத்தந்தையாரின் உவமை இந்த வகையில் மேலானது. இழிபெயரை வைத்துக்கொண்டிருந்தாலும், தொழிலாளியைச் சேறாக்கி வீரனைத் தாமரையாக்கவில்லை. அவன் வேலையிலேயே அழகையும் விரைவையும் கண்டது. பெயரின் இழிவை நீக்கிவிட்டு இந்தப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்கு ஒரு கவிதை வழி கிடைக்கும்.

மாணவர்களுக்கு மூன்று கேள்விகள்

விளையாட்டைப் பற்றிய எந்தக் கவிதையைப் படித்தாலும், பாட்டைக் கேட்டாலும், ‘சார்பட்டா பரம்பரை’, ‘ப்ளூ ஸ்டார்’ போன்ற படங்களைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: இந்த உவமையில் உயர்வது யார், அந்த உயர்வுக்காகத் தாழ்வது யார்?

இரண்டு: உவமை யாருடைய உழைப்பிலிருந்து எடுக்கப்பட்டது, எழுதியவர் அந்த உழைப்பை அருகிலிருந்து பார்த்தவரா?

மூன்று: பாட்டில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை?

இந்த மூன்றையும் கேட்டுப் பழகியபின் நீங்களே எழுதுங்கள். சிறுத்தை, புலி, மின்னல் எல்லாம் போதும். அவற்றை நம்மில் பலர் பார்த்ததுகூட இல்லை. நாம் பார்த்தது விசைத்தறியில் போய்வரும் நாடா. வெள்ளிக் கொலுசில் பொடி வைத்து ஊதும் மூச்சு. நாமக்கல் பட்டறையில் லாரிக்குக் கூடு கட்டும்போது தெறிக்கும் பற்றவைப்புப் பொறி. கபடியில் மூச்சுப் பிடித்துப் பாடிப் போகிறவனுக்கு அந்தக் கொலுசுப் பட்டறை மூச்சைவிடப் பொருத்தமான உவமை உண்டா? யார்க்கர் பந்துக்குத் தறிநாடாவைவிட நல்ல உவமை உண்டா? ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தறியில் நிற்பவரின் பெயரையும், அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போக முடிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பாட்டு விட்டுப்போன இடம் அதுதான்.

உரையின் தொடக்கத்தில் தோழர்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடும்போது எதிரில் நிற்பவர் மனதில் நம்மைப் பற்றி ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்ததில் வகுப்பறைக்கும் பாட்டுக்கும் பங்கு உண்டு. பாதைக்காகப் போராடுவதும், அந்தச் சொல்லோடு போராடுவதும் வேறு வேறு வேலைகள் இல்லை. கூடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியத் தோழர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 82ஆம் பாட்டை நடத்தும்போது, அந்தச் சொல்லுக்குச் சாதிப் பெயரைச் சொல்லிவிட்டு நகராதீர்கள். விரைவுக்கு அளவுகோல் யாருடைய கை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதிலைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

ஜெய்பீம்.